வலஞ்சுழியா இடஞ்சுழியா

எங்க நட்சத்திரம் பார்க்கிற சங்கத்துல ஒருத்தரைத் திட்டணும்னா கெட்ட வார்த்தை எதுவும் வேண்டாம். "உனக்குப் போட்டோக் கண்ணுப்பா"ன்னு சொன்னாப் போதும். சொன்னவரும் கேட்டவரும் அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு முகம் கொடுத்துப் பேசிக்க மாட்டாங்க.

விஷயம் இதுதான். தொலைநோக்கியில கண்ணை வச்சா, சுழல் வடிவ நட்சத்திர மண்டலம் புத்தகத்துல இருக்கிற மாதிரி நீலமும் சிவப்புமா ஜொலிக்காது. குளிர்ல ஜன்னல் கண்ணாடி மேல மூச்சு விட்டாப் படியுமே ஒரு வெளுப்பு, அவ்வளவுதான். அதையும் நேரா உத்துப் பார்த்தா மறைஞ்சுபோகும். கொஞ்சம் தள்ளி, ஓரக்கண்ணால பார்த்தாத்தான் நிக்கும். அப்படிப் பார்க்கிற ஆளு வீட்டுல ஏற்கெனவே படத்தைப் பார்த்துட்டு வந்திருந்தா, இல்லாத சுழலையெல்லாம் மனசே வரைஞ்சு காட்டிடும். பொய் சொல்றார்னு அர்த்தமில்ல. சத்தியமா பார்த்தேன்னுதான் அவர் நினைப்பார். அதுக்குத்தான் போட்டோக் கண்ணுன்னு பேரு. பொய் சொல்றவனைக்கூட எங்க ஆளுங்க பக்கத்துல உக்கார வச்சுக்குவாங்க, போட்டோக் கண்ணை உக்கார வைக்க மாட்டாங்க.

அந்த வார்த்தையை எங்க சங்கத்து லூமிர் என் பொண்டாட்டியைப் பார்த்துச் சொன்னான். சாயங்காலச் சாப்பாட்டு மேஜையில, அத்தனை பேர் முன்னாடி, கையில பாதி கடிச்ச ரன்ஸாவை, அதான் கறி அடைச்ச ரொட்டியை, வச்சுக்கிட்டு.

என் பேரு எல்டன். ஆலங்கட்டி மழைக்குப் பயிர்க் காப்பீடு விக்கிறவன். வாய்தான் எனக்குச் சோறு போடுது. என் பொண்டாட்டி அர்டித் மாட்டு டாக்டர். நெப்ராஸ்கா மணல் குன்றுப் பக்கம் எந்த மாடு கன்னு போட முடியாம தவிச்சாலும் அவளுக்குத்தான் ஃபோன் வரும். தோள் வரைக்கும் கையை உள்ள விட்டு, கண்ணை மூடிக்கிட்டு, "முன்னங்கால் ரெண்டும் பின்னாடி மடங்கிக் கிடக்கு"ன்னு சொல்லுவா. வெளியில நிக்கிற நமக்கு மாட்டோட வால் மட்டும்தான் தெரியும்.

மே மாசம் நிலா இல்லாத வாரத்துல எங்க சங்கம் விவியன் வீட்டு மேய்ச்சல் நிலத்துல முகாம் போடும். விவியன்தான் தலைவர். எண்பது வயசு, ஆனா குரல் இன்னும் மாடு விரட்டுற குரல்தான். அவங்க வைக்கோல் கொட்டகையில ஒரு முழுச் சுவரை எங்களுக்குன்னே விட்டுக் கொடுத்திருக்காங்க. தொலைநோக்கியில பார்த்ததைக் கறுப்புத் தாள்ல வெள்ளைப் பென்சிலால வரைஞ்சு அங்க மாட்டுவோம். காமெரா வச்சு எடுத்த படத்துக்கு அந்தச் சுவத்துல இடமே கிடையாது. கண்ணு பார்த்து கை வரைஞ்சது மட்டும்தான்.

அதுக்கு ஒரு விதி உண்டு. ஒரு படத்தைப் பத்தி யாராவது சந்தேகம்னு சொல்லிட்டா, வரைஞ்சவங்க எல்லார் முன்னாடியும் அதை நிரூபிக்கணும். முடியலைன்னா அந்த ஒரு படம் மட்டுமில்ல, அவங்க இதுவரைக்கும் வரைஞ்சு மாட்டினது அத்தனையும் கீழ இறங்கும். ஒரு தடவை மனசு ஏமாத்தின ஆளை மத்த தடவை ஏமாத்தலைன்னு யாரு கண்டா? அர்டித் படம் அந்தச் சுவத்துல பாதி இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல அவ வரைஞ்ச வால்நட்சத்திரம்கூட அங்கதான் இருக்கு.

இந்த வருஷம் அவ கொண்டுவந்தது பெருங்கரடி நட்சத்திரக் கூட்டத்தோட வால் நுனிக்குக் கீழ இருக்கிற அந்தச் சுழல் மண்டலம். பெரிய சுழல் ஒண்ணு, அதோட ஓரத்துல ஒட்டிக்கிட்டு சின்னது ஒண்ணு. என்னை மாதிரி ஆளுக்கு ரெண்டு பஞ்சு உருண்டை பக்கத்துல பக்கத்துல இருக்கிற மாதிரி தெரியும். அர்டித் வரைஞ்சதுல பெரிய உருண்டையிலிருந்து ரெண்டு கை கிளம்பிச் சுத்திக்கிட்டு வெளிய வருது. அதுவும் எதுல பார்த்து? வாய் அகலம் நாலே அங்குலம் இருக்கிற தொலைநோக்கியில. ஒரு கையால தூக்கிட்டுப் போற குழாய் அது.

"டாக்டரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது போட்டோக் கண்ணு"ன்னான் லூமிர்.

அர்டித் வாயில இருந்ததை மென்னு முழுங்கிட்டு, தண்ணி குடிச்சிட்டு, அப்புறம்தான் கேட்டா. "எதை வச்சுச் சொல்றே?"

"நாலு அங்குலத்துல இந்தக் கையெல்லாம் தெரியாது. என் பழைய எட்டு அங்குலத்துலயே இருக்கா இல்லையான்னு சண்டைதான். அதுவும் நீங்க ஜனவரியிலதான் கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்க."

"ஆபரேஷனுக்கு முன்னாடி எனக்கும் தெரியல. இப்பத் தெரியுது. மஞ்சளடிச்சுப் போன வில்லையை எடுத்துட்டுப் புதுசு வச்சிருக்காங்க."

"புதுசு வாங்கினா அப்படித்தான் தோணும். புது டிராக்டர் வாங்கினவன் அது பறக்குதுன்னுகூடச் சொல்லுவான்."

நாலஞ்சு பேர் சிரிச்சாங்க. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிடுச்சு. "ஏன்டா லூமிர், உன்னோடது இருபது அங்குலம். ஏணி போட்டு ஏறிப் பார்க்கிறே. அவ்வளவு பெரிசை வச்சுக்கிட்டு நாலு அங்குலத்தைப் பார்த்து வயிறெரியுறியே, வெக்கமா இல்லையா உனக்கு?"

"எல்டன், நீ ரெண்டு பஞ்சுக்கு மேல எதையும் பார்த்தது கிடையாது. இதுல உனக்குப் பேச்சே இல்ல."

"உன் மாட்டுக்கு ராத்திரியோட ராத்திரியா ஓடி வந்தாளே, அப்பல்லாம் இந்தக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா?"

"அதுக்கு ரெட்டைக் கன்னுன்னு சொன்னாங்க. ஒண்ணுதான் வந்துச்சு"ன்னான் லூமிர். மறுபடி சிரிப்பு. அர்டித்தும் சிரிச்சிட்டா, அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு.

லூமிரைப் பத்தி ஒண்ணு சொல்லிடணும். அவன் கெட்டவன் இல்ல. மாடு வளர்க்கிறவன், தனிக்கட்டை, எங்க கூட்டத்துலயே கூர்மையான ஆளு. தன் படத்தையே தானே சந்தேகப்பட்டுக் கிழிச்சுப் போட்டவன். அவன் ஒண்ணு சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க. அதனாலதான் எனக்குப் பயம். வேற எவனாவது சொல்லியிருந்தா ஊதித் தள்ளிட்டுப் போயிருப்பேன்.

"நீ சும்மா இரு எல்டன், படம் என்னோடது"ன்னா அர்டித். அவன் பக்கம் திரும்பி, "எப்படி நிரூபிக்கணும்? நீயே சொல்லு"ன்னா.

லூமிர் அதை முன்னாடியே யோசிச்சு வச்சிருந்தான். தொலைநோக்கிக் குழாயோட வால்ல, குனிஞ்சு பார்க்கிறதுக்குத் தோதா, ஒரு வளைவு மாட்டுவோம். தண்ணிக் குழாய்க்குப் போடுற எல்போ மாதிரிதான் இருக்கும், நாங்களும் எல்போன்னுதான் சொல்லுவோம். அதுக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கு. அது முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி இடத்தை வலமாக்கிடும், வலத்தை இடமாக்கிடும்.

"நம்ம எல்லார் வீட்டுப் புத்தகத்துலயும் அந்தச் சுழல் இடஞ்சுழி"ன்னான் லூமிர். "எல்போ போட்டா வலஞ்சுழியாத் திரும்பிடும். நீங்க வலஞ்சுழியாத்தான் வரைஞ்சிருக்கீங்க. ஆனா இது தெரிஞ்ச ஆளோட மனசு, தானே திருப்பிப் போட்டுக்கும். அதனால அது சாட்சி ஆகாது. என்கிட்ட ரெண்டு எல்போ இருக்கு, வெளியில ஒரே மாதிரி. ஒண்ணு கண்ணாடி. இன்னொண்ணு ப்ரிஸம், பிளாட் ஆத்துக்குக் கொக்கு பார்க்கப் போறப்ப மாட்டுறது. அது எதையும் திருப்பாது, உள்ளதை உள்ளபடி காட்டும். இருட்டுல ரெண்டுல ஒண்ணை உங்க குழாயில மாட்டி, மேல துணியைச் சுத்திடுறேன். எதுன்னு விவியன் காதுல மட்டும் சொல்லுவேன். நீங்க பார்த்துட்டு எந்தப் பக்கம் சுத்துதுன்னு சொல்லுங்க. பஞ்சு உருண்டை ரெண்டை மட்டும் பார்க்கிறவங்களால அதைச் சொல்லவே முடியாது. கையைப் பார்த்தாத்தான் முடியும்."

"சுத்தியிருக்கிற நட்சத்திரம் காட்டிக் கொடுத்துடுமே?"ன்னாங்க விவியன்.

"அது உள்ள வராத மாதிரி, கண்ணை வைக்கிற இடத்துல குறுகலான வில்லை போடுறேன்."

"ரெண்டுல ஒண்ணுதானேடா. குருட்டாம்போக்குல அடிச்சாலும் பாதி தடவை சரியா வருமே"ன்னேன் நான். யார் பக்கம் நின்னு பேசுறோம்னு புரியறதுக்குள்ள வாய் முந்திக்கிச்சு.

"அதனாலதான் மூணு தடவை. மூணும் பொருந்தணும். ஒண்ணு தப்பினாலும் தப்பினதுதான்." அப்புறம் கொஞ்சம் இறங்கின குரல்ல, "வேண்டாம்னா விட்டுடலாம் டாக்டரம்மா. இந்த ஒரு படத்தை நீங்களே எடுத்துட்டா நான் பேச்சை முடிச்சுக்கிறேன். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்"ன்னான்.

அவன் நல்ல மனசோடதான் சொன்னான். நானா இருந்தா அந்தக் கையைப் பிடிச்சுக் கும்பிட்டிருப்பேன். அர்டித் தட்டை எடுத்துக்கிட்டு எழுந்திரிச்சா. "இருட்டட்டும். குழாயை வெளிய வச்சுச் சூடு ஆற விடுறேன்"ன்னா.

இருட்டுச்சு. எங்க ஊர் இருட்டைப் பத்திப் பெருமையா ரெண்டு வார்த்தை சொல்லிக்கிறேன், அதுக்கு எனக்கு உரிமை இருக்கு. பக்கத்து வீடு பதினஞ்சு மைலுக்கு அந்தப் பக்கம். பால்வீதி எழும்பி வந்தா சில ராத்திரி தரையில லேசா நிழல் விழும். காத்தாலைக்குக் கீழ மாட்டுத் தொட்டியில தண்ணி சொட்டுற சத்தம், எங்கயோ ஒரு மாடு செருமுற சத்தம், அவ்வளவுதான். தொட்டிப் பக்கம்கிறதால பனி மட்டும் கொட்டித் தீர்த்துடும். வெளியில வச்ச நாற்காலி பொழுது சாஞ்ச கொஞ்ச நேரத்துலயே தொப்பலா நனைஞ்சிருக்கும்.

எல்லாரும் அவங்கவங்க தொலைநோக்கியை விட்டுட்டு அர்டித்தோட குழாயைச் சுத்தி நின்னாங்க. லூமிர் மடக்கு மேஜை ஒண்ணைக் கொண்டுவந்து போட்டு, அதுமேல ரெண்டு எல்போவையும் வச்சான். விளக்கு எதுவும் போடல. கண்ணு இருட்டுக்குப் பழகறதுக்கே அரை மணி நேரம் ஆகும், ஒரு தீக்குச்சி கிழிச்சாப் போச்சு. அவன் கைக்கு விளக்கு தேவையுமில்ல. அந்தப் பெரிய தொலைநோக்கியைத் தடவித் தடவியே மாட்டி முடிக்கிற ஆளு. அர்டித்தைத் தூரமா திரும்பி நிக்கச் சொன்னான். மாட்டினான், துணியைச் சுத்தினான், சுழலைத் தேடிப் பிடிச்சு நடுவுல கொண்டுவந்தான், விவியன் காதுல ஏதோ முணுமுணுத்தான்.

அர்டித் வந்து முக்காலியில உக்காந்தா. தலைமேல கறுப்புத் துணியைப் போட்டுக்கிட்டா. ரொம்ப நேரம் அசையவே இல்ல. யாரோ இருமினாங்க, அவங்களை இன்னொருத்தர் அதட்டினாங்க.

"வலஞ்சுழி"ன்னா துணிக்குள்ளேருந்து.

முடிவு கடைசியிலதான்னு பேச்சு.

ரெண்டாவது தடவை. லூமிர் மாட்டினதைக் கழட்டி மேஜையில வச்சான், மறுபடி மாட்டினான், மறுபடி முணுமுணுத்தான். அர்டித் உக்காந்தா. இந்தத் தடவை இன்னும் நேரம் எடுத்துச்சு. நடுவுல ஒரு மேகத் துணுக்கு வந்து போச்சு.

"இடஞ்சுழி"ன்னா.

மூணாவது. கழட்டுற சத்தம், மேஜையில வைக்கிற சத்தம், மாட்டுற சத்தம். அர்டித் துணிக்குள்ள போனா. எனக்கு அந்த நேரத்துல என்ன தோணுச்சுன்னு சொல்றேன். சுழலும் வேண்டாம், சுவரும் வேண்டாம், இவளைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு தோணுச்சு. இத்தனை பேர் நின்னு அவளைச் சோதிச்சுப் பார்க்கிறது எனக்குப் பொறுக்கல.

"இடஞ்சுழி."

"நல்லாப் பார்த்துட்டீங்களா டாக்டரம்மா?"ன்னான் லூமிர். அவன் குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. "வேணும்னா இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க. அவசரம் ஒண்ணுமில்ல."

அர்டித் மறுபடி குனிஞ்சா. விவியன் மூச்சை இழுத்துப் பிடிச்சது எனக்கே கேட்டுச்சு. பதில் தப்புன்னு அந்த மூச்சுலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அர்டித் ஒண்ணும் காது கேக்காதவ இல்ல, அவளுக்கும் புரிஞ்சிருக்கணும். வார்த்தையை மாத்திக்க அவளுக்கு வேணுங்கிற அளவு நேரம் இருந்துச்சு.

"இடஞ்சுழிதான்"ன்னா.

லூமிர் எல்போவைக் கழட்டி ரெண்டையும் பெட்டியில போட்டு மூடினான். விவியன் தொண்டையைச் செருமிக்கிட்டாங்க. "முதல் ரெண்டும் பொருந்துது. மூணாவது பொருந்தல. லூமிர் என்கிட்ட கண்ணாடின்னு சொன்னான். கண்ணாடின்னா வலஞ்சுழி தெரிஞ்சிருக்கணும்."

அர்டித் துணியை மடிச்சுக்கிட்டே, "கண்ணாடி இல்ல. ப்ரிஸம்"ன்னா.

"என் கையால மாட்டினேன் டாக்டரம்மா."

"உன் கையை நான் ஒண்ணும் சொல்லல லூமிர். நான் பார்த்ததைச் சொல்றேன்."

விவியனுக்கே மனசு கேக்கல. "மூணாவது தடவை கண்ணு களைச்சுப்போயிருக்கும் அர்டித். தப்பாப் பார்த்துட்டேன்னு சொல்லிடு. இன்னொரு ராத்திரி மூணு தடவையும் புதுசா வச்சுக்கலாம். நான் அனுமதிக்கிறேன்."

"தப்பாப் பார்த்திருந்தா சொல்லலாம்."

நான் அவ தோளைத் தொட்டு, காதோட சொன்னேன். "சொல்லிடேம்மா. வார்த்தைதானே. நாளைக்கு மறுபடி பார்த்து எல்லார் மூக்கையும் உடைச்சிடு."

"எல்டன், மாட்டு வயித்துக்குள்ள என் கை இருக்கு. வெளிய நிக்கிறவன் தலைன்னு சொல்றான்னு நானும் காலைத் தலைன்னு சொல்லணுமா?"

காலையில படங்களை இறக்கிடலாம்னு விவியன் சொன்னாங்க. கூட்டம் கலைஞ்சு அவங்கவங்க தொலைநோக்கிக்குப் போயிட்டாங்க. லூமிர் பெட்டியைத் தூக்கிக்கிட்டுத் தன் வண்டிப் பக்கம் நடந்தான். முதுகு ஒடுங்கி, ஜெயிச்சவன் மாதிரியே இல்ல.

அர்டித் தன்னோட எல்போவை எடுத்து மாட்டினா. மடியில ஒரு கறுப்புத் தாளை வச்சுக்கிட்டா. மறுபடி அதே சுழலைத் தேடிப் பிடிச்சு, ஓரக்கண்ணால பார்த்து, வரைய ஆரம்பிச்சா. அவ அழுவாள்னு நினைச்சேன். பென்சில் நிதானமா ஓடுச்சு. இந்த மனுஷிக்குத்தான் நான் புருஷனான்னு எனக்கு அப்ப ஒரு திமிர் வந்துச்சு பாருங்க, தோத்துப்போய் நிக்கிற நேரத்துல வரக்கூடாத திமிர். சுவத்துல இருக்கிறதை இறக்கிக்கட்டும், எங்க வீட்டுக் கூடத்துல நாலு சுவரு சும்மாத்தானே இருக்குன்னு மனசுக்குள்ள ஆணி அடிக்கவே ஆரம்பிச்சுட்டேன்.

அப்பத்தான் முகாமே வெளுத்துப்போச்சு.

லூமிர் தன் வண்டியோட பெரிய விளக்கு ரெண்டையும் போட்டுட்டான். எங்க கூட்டத்துல இதை விடப் பெரிய பாவம் கிடையாது. எல்லாக் கண்ணும் ஒரே நொடியில குருடாச்சு. நாலா பக்கமும் திட்டு விழுந்துச்சு. "எவன்டா அவன்"ன்னு ஒருத்தர், "அணைச்சுத் தொலை"ன்னு இன்னொருத்தர். அவன் அணைக்கல. அந்த வெளிச்சத்துலயே எங்களைப் பார்த்து நடந்து வந்தான், ரெண்டு உள்ளங்கையிலயும் ஒவ்வொரு எல்போ.

"எல்லாரும் வாங்க. பார்த்துடுங்க, அப்புறம் திட்டுங்க"ன்னான்.

வலது கையை நீட்டினான். அதுக்குள்ள கண்ணாடி. அது பூரா பனி, முத்து முத்தா. சாய்ச்சதும் சொட்டுச் சொட்டா அவன் மணிக்கட்டுல வழிஞ்சுது. இடது கையில ப்ரிஸம், துடைச்சு வச்ச மாதிரி காஞ்சு கிடந்துச்சு.

"ரெண்டாவது தடவை ப்ரிஸத்தை மாட்டினேன். கண்ணாடி மேஜையில கிடந்துச்சு"ன்னான். "மூணாவதுக்கு ப்ரிஸத்தைக் கழட்டி மேஜையில வச்சேன். கண்ணாடியை எடுத்து மாட்டினேன்னுதான் இந்த நிமிஷம் வரைக்கும் சத்தியம் பண்ணியிருப்பேன். அப்படி மாட்டியிருந்தா அது துணிக்குள்ள, அவங்க உடம்புச் சூட்டுல காஞ்சிருக்கணும். ப்ரிஸம்தான் பனியில நனைஞ்சிருக்கணும். கண்ணாடி ரெண்டாவது தடவையும் மூணாவது தடவையும் வெளியிலயே கிடந்திருக்கு. கழட்டி வச்ச ப்ரிஸத்தையே மறுபடி எடுத்து மாட்டியிருக்கேன்."

விவியன் ரெண்டையும் தொட்டுப் பார்த்தாங்க. ஒவ்வொருத்தரா வந்து தொட்டுப் பார்த்தாங்க. நானும் தொட்டேன், என் விரல் நனைஞ்சுது.

"அப்ப மூணும் சரி"ன்னாங்க விவியன்.

"முதல் ரெண்டை யாராவது ஊகம்னு சொல்லலாம், என் குரலைக் கேட்டுக் கண்டுபிடிச்சாங்கன்னு சொல்லலாம்"ன்னான் லூமிர். "மூணாவதுல குழாய்க்குள்ள என்ன இருக்குன்னு மாட்டின எனக்கே தெரியாது. இந்த முகாம்ல யாருக்குமே தெரியாது. அவங்க ஒருத்தங்களுக்குத்தான் தெரிஞ்சுது."

அவன் பெட்டியை மூடினபடியே விட்டிருந்தா யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது. பனி காலையில காஞ்சுபோயிருக்கும். அதை நான் அவன்கிட்ட அப்புறம் சொன்னப்ப, "பெட்டியில ஈரத்தோட வச்சா கண்ணாடி கெட்டுடும், துடைக்கத்தான் எடுத்தேன்"னு மட்டும் சொன்னான்.

அர்டித் எழுந்திரிச்சு அவன்கிட்டப் போனா. அவ ஏதோ பெரிசா சொல்லப்போறாள்னு எல்லாரும் பார்த்தாங்க. "வண்டி பேட்டரி போயிடும் லூமிர். போய் அணைச்சிட்டு வா. உனக்குக் கண்ணு பழகினதும் நீயும் பாரு"ன்னா.

அவன் அணைச்சிட்டு வந்தான். அரை மணி நேரம் எல்லாரும் இருட்டுல உக்காந்து காப்பி குடிச்சோம். அப்புறம் லூமிர் அவளோட முக்காலியில உக்காந்தான். துணியைப் போர்த்திக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, நேரா பார்த்தான், ஓரமா பார்த்தான், குழாயை லேசாத் தட்டிவிட்டுப் பார்த்தான். இடுப்பு வலிக்கிற வரைக்கும் பார்த்தான். வெளிய வந்து தலையாட்டினான். "ரெண்டு பஞ்சு"ன்னான்.

"வாப்பா, எங்க கட்சிக்கு"ன்னேன் நான். எனக்கு அதுல எவ்வளவு சந்தோஷம்னு மறைக்க மாட்டேன்.

காலையில அர்டித்தோட சுழல் படத்தை மாட்ட லூமிரே சுத்தியலோட வந்தான். சுவத்துல நல்ல இடமா, கண்ணுக்கு நேரா வர்ற இடமாப் பார்த்து, தன்னோட படம் ஒண்ணைக் கழட்டி ஓரத்துக்குத் தள்ளிட்டு, அங்க அடிச்சான். அப்புறம் பாக்கெட்லேருந்து வெள்ளைப் பென்சிலை எடுத்து, அர்டித்தை ஒரு தடவை பார்த்தான். அவ சரின்னு தலையாட்டினா. படத்துக்குக் கீழ, மாட்டுக் காதுல தொங்குற நம்பர் அட்டையில எழுதுற மாதிரி பெரிய பெரிய எழுத்துல எழுதினான்:

"நான் பார்த்தேன், தெரியல. இது இருக்கு. லூமிர்."